பேய்க்கணவாயின் ஆயுளும் வளர்ப்பவரின் கடனும்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, வடநெம்மேலியில் 1976 முதல் இயங்கும் முதலைப் பண்ணையில் காப்பாளர் ஓய்வுபெற்ற பின்னும் முதலை வாழ்ந்திருக்கக்கூடும். அந்தக் கடற்கரையை ஒட்டிய கடலில் வாழும் பேய்க்கணவாயை, அதாவது ஆக்டோபஸை, தொட்டியில் வளர்க்க விரும்புபவரோ, பெரும்பாலான இனங்களின் ஆயுள் ஓரிரு ஆண்டுகளே என்பதால், அதன் இறப்பையும் சேர்த்தே ஏற்கிறார். முட்டையிட்ட பெண் இரையைத் துறந்து, முட்டைகளைக் காத்து, அவை பொரியும் காலத்தில் மடிவது பராமரிப்புக் குறையன்று. கண்களுக்கு அருகிலுள்ள பார்வைச் சுரப்பிகளை அகற்றியபின் பெண் மீண்டும் உண்டு, கூடுதல் காலம் வாழ்ந்ததை ஜெரோம் வொடின்ஸ்கி 1977இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

தொல்காப்பிய மரபியல் நத்தையை ஈரறிவுயிராக வகுக்கிறது. அந்நத்தைக்கு உடலமைப்பால் உறவான பேய்க்கணவாயோ ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களைக் கொண்டு, மூடியைத் திறக்கவும் மனிதரை வேறுபடுத்தி அறியவும் வல்லது.

இத்தகைய அறிவுள்ள உயிரை அடைத்து வளர்ப்பவரின் கடன் என்ன? உயிருக்குத் தனு எனும் உடல், கரணம் எனும் மனம் முதலிய உட்கருவி, புவனம் எனும் வாழிடம், போகம் எனும் நுகர்ச்சி ஆகியவற்றை இறைவன் வினைக்கேற்ப அளிப்பதாகச் சைவ சித்தாந்தம் கூறுகிறது. தொட்டி வைப்பவர் புவனத்தையும் போகத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வதால், குறுகிய ஆயுளை வினைப்பயன் என்று சொல்லிக் குறுகிய தொட்டியை நியாயப்படுத்த இயலாது. ஓராண்டே வாழும் உயிருக்குச் சலிப்பில் கழியும் ஒரு மாதம் வாழ்வின் பன்னிரண்டில் ஒரு பங்கு. சுரப்பியை அகற்றி ஆயுளை நீட்டுவதையும் இரக்கமெனக் கொள்வதற்கில்லை, ஏனெனில் வொடின்ஸ்கியின் சோதனையில் அக்கூடுதல் வாழ்வு முட்டைகளைக் கைவிட்ட பின்னரே வாய்த்தது.