பகடையும் படைத்தலைவனும்

யுத்தத்தை மேசையின்மேல் ஆடிப்பார்க்கும் கலை ஜெர்மானிய நாடுகளில் வளர்ந்த வரலாற்றில், தத்துவ விசாரணை செய்வோர் நின்று கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ப்ரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் 1780-இல் அமைத்த போர் ஆட்டம் சதுரங்கத்தையே பெரிதாக விரித்ததுதான். வெட்டச் சென்ற காய் வெட்டியே தீரும், வெட்டுண்ட காய் முழுவதுமாக மறையும் என்ற பழைய நியதியை அவர் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரி, தம் தந்தையார் தொடங்கிவைத்த ஆட்டத்தைத் திருத்தி வெளியிட்டபோது, அந்த நியதி போய்விட்டது. கட்டங்கள் இருந்த இடத்தில், எட்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த நிலப்படம் வந்தது. சிவப்பும் நீலமுமாக வண்ணம் பூசிய ஈயக் கட்டைகள் படைகளாயின. ஒரு முறை என்பது போர்க்களத்தின் இரண்டு நிமிஷம். எதிரியின் படை கண்ணுக்குப் புலனாகும் எல்லைக்குள் வரும்வரை நடுவர் அதைப் படத்தில் வைப்பதேயில்லை. துப்பாக்கிகளைச் சோதித்தவர்கள் தொகுத்திருந்த கணக்குகளைக்கொண்டு, இன்ன தூரத்தில் சுட்டால் இத்தனை பேர் விழுவர் என்னும் இலக்கங்கள் பகடையின் முகங்களில் பொறிக்கப்பட்டன. பிரஷ்யச் சேனையின் தலைமை அலுவலரான ம்யூஃப்லிங், முதலில் ஈடுபாடின்றி அமர்ந்திருந்து, பிறகு மெல்ல மெல்ல அதில் ஆழ்ந்து, இது விளையாட்டன்று, யுத்தத்திற்கான பயிற்சியே என்று வியந்து, அதைச் சேனை முழுவதற்கும் பரிந்துரைத்தார் என்பது அக்காலத்துச் செய்தி.

அந்தப் பகடை எதைக் குறிக்கிறது என்பதுதான் நம்முடைய கேள்வி. ரைஸ்விட்ஸின் ஆட்டத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், பிரபஞ்சத்தின் ஒவ்வோர் அணுவின் நிலையையும் அதன்மேல் இயங்கும் சக்திகளையும் அறிந்த பேரறிவு ஒன்று இருக்குமாயின், அதற்கு எதிர்காலத்தில் நிச்சயமற்றது எதுவுமே இராது என்று வாதித்திருந்தார். அவ்வாறாயின் பகடை நம் அறியாமையின் அடையாளமேயன்றி வேறில்லை. அறியாமையன்று, தைவமே அங்கே செயலாற்றுகிறது என்று சமயவாதி சொல்லக்கூடும். இவ்விரண்டில் எது உண்மையாயினும், படைத்தலைவனுடைய தர்மத்தைப் பொறுத்தமட்டில் வேறுபாடு எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஏனெனில் இரு கட்சியாரும் பகடை உருண்டு நின்ற பிறகு தெரியும் முகத்தையே நோக்குகிறார்கள், உருட்டுவதற்கு முன்பே அதில் எழுதப்பட்டிருப்பதை நோக்குவதில்லை.

ஓர் உதாரணம் கொள்வோம். பகடையின் ஆறு முகங்களில் நான்கு, ஆறு, எட்டு, பத்து, பதினான்கு, பதினெட்டு என்று வீழ்வோர் தொகை எழுதப்பட்டிருப்பின், எந்த முகம் மேலே வரும் என்பதை எவனும் அறியான். ஆயினும் நால்வருக்குக் குறைய எந்த முகத்திலும் இல்லை என்பதையும், பலமுறை உருட்டினால் முறைக்குச் சராசரி பத்துப் பேர் மடிவர் என்பதையும் கூட்டல் தெரிந்த சிறுவனும் அறிவான். ஆகவே முன்னேறு என்று கட்டளை எழுதுகின்ற கணத்திலேயே அந்தப் பத்துப் பேருடைய மரணத்துக்குப் படைத்தலைவன் சம்மதித்துவிட்டான். பகடைக்கு எஞ்சியிருப்பது அத்தொகையைச் சிறிது கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே. விழப்போகிறவன் இடப்புறத்து வீரனா வலப்புறத்து வீரனா என்பதையோ அது சொல்வதும் இல்லை. நடுவர் தம் குறிப்பேட்டில் எண்ணிக்கையை வைத்துக்கொள்கிறார், பெயரை வைத்துக்கொள்வதில்லை.

ஊழ் என்னும் கொள்கையை நான் மறுக்க வரவில்லை. மகனைக் களத்தில் பலிகொடுத்த தாய், ஆயிரவர் மீண்டிருக்க இவன் மட்டும் ஏன் மீளவில்லை என்று கேட்கும்போது, அக்கேள்விக்கு ஊழ் என்பதைக் காட்டிலும் கண்ணியமான விடையை மனித குலம் இதுவரை கண்டதாகத் தெரியவில்லை. ஆனால் அதே சொல் அவனை அனுப்பியவனுடைய வாயிலிருந்து வருமாயின், அது தன்னுடைய சம்மதத்தைத் தைவத்தின் தலையில் ஏற்றுகின்ற காரியமாகிவிடுகிறது.

பகடையின் தீர்ப்பைத் தன் விருப்பத்துக்கேற்பத் திருத்துவது அதனினும் கொடியது. 1942-ஆம் ஆண்டு மிட்வே தாக்குதலுக்கு முன் ஜப்பானியக் கடற்படையினர் யமாட்டோ கப்பலில் நடத்திய ஒத்திகையாட்டத்தில், எதிரியின் விமானங்கள் ஒன்பது குண்டுகளை இலக்கில் வீழ்த்தி இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களை மூழ்கடித்ததாக நடுவர் பகடை உருட்டித் தீர்ப்பளிக்க, உகாக்கி என்னும் தளபதி அந்த ஒன்பதை மூன்றாகக் குறைத்து, மூழ்கியவற்றில் ஒன்றை மிதக்கவிட்டார் என்று, அக்கடற்படையின் விமான அதிகாரிகளான புச்சிடாவும் ஒகுமியாவும் தம் நூலில் எழுதியிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் நடந்த மெய்யான போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஆட்டத்தின் பகடை வருவதை முன்னறிந்து சொல்லிற்று என்று நான் கூறவில்லை. அது சொன்னது, இவ்வளவு இழப்புக்கு இடமுண்டு என்பதை மட்டுமே. இழப்புக்கு இடமுண்டு என்று கேட்கவும் மனமில்லாதவன், அந்த இழப்புக்கு அறிந்து சம்மதித்தவன் ஆகமாட்டான், அறியாமலே பிறர் உயிரைப் பணயம் வைத்தவனாவான்.

அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் 1958-இல் வெளியிட்ட கெட்டிஸ்பர்க் ஆட்டத்தில், தாக்குவோர் வலிமையையும் தடுப்போர் வலிமையையும் மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என விகிதமாக்கி, பகடையை உருட்டி, அட்டவணையில் முடிவைப் பார்க்கிறார்கள். அவ்வட்டவணை மெய்ப்போரின் பல இயல்புகளைச் செம்மையாகவே பிடித்திருக்கிறது; ஆயினும் அமெரிக்க உள்நாட்டுப் போரில், அதே கெட்டிஸ்பர்க் களத்தில், 1863 ஜூலை 3-ஆம் நாள் பிற்பகலில் நடந்ததில் ஒரு பகுதிக்கு அதில் இடமில்லை. தம் கீழிருந்த தளபதி லாங்ஸ்ட்ரீட் எச்சரித்தும் கேளாமல், ஏறக்குறைய 12,500 வீரரைத் திறந்த வெளியில் முக்கால் மைல் தூரம் தென்மாநிலச் சேனைத் தலைவர் லீ அனுப்பினார். பாதிப்பேர் அளவில் கொல்லப்பட்டும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். ஈசுவர சித்தத்தில் ஆழ்ந்த நம்பிக்கையுடைய அந்த மனிதர், குதிரைமீது சென்று, சிதறித் திரும்பிய வீரரை எதிர்கொண்டு, பிழை முழுவதும் தம்முடையதே என்றார். அவர் எந்தப் பக்கத்துக்காகப் போரிட்டார் என்பதை, அடிமைத்தனத்தைக் காத்துநின்ற அந்தப் பக்கத்தின் அநீதியை, நான் மறந்து பேசவில்லை. ஆனால் அந்த ஒரு நாழிகையில் அவர் ஈசுவரனையோ அதிர்ஷ்டத்தையோ சாட்சிக்கு அழைக்காமல், கட்டளையைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்.

தாய்நாட்டைக் காக்கும் நியாயமான போரிலும் ஒருவன் வீரரை அனுப்பத்தானே வேண்டும், அவனையும் குற்றவாளி என்பீர்களா என்று கேட்கலாம். குற்றவாளி என்று சொல்லமாட்டேன். அவனுடைய சம்மதம் நியாயமான சம்மதம். ஆயினும் அதுவும் சம்மதமே, அந்தப் பத்துப் பேரும் அவனுடைய பத்துப் பேரே.