உயிர் வாணிபமும் உபாசகர் கடமையும்



பகவான் புத்தர் இல்லறத்தாரை நோக்கி வாணிபம் செய்யாதீர் என்று கூறினாரில்லை. அவர் போதி பெற்றபின் முதன்முதல் உணவளித்துச் சரணமடைந்த தபுசனும் பல்லிகனும் வண்டி பூட்டிச் சென்ற வணிகர்களே. ஜேதவனத்தைப் பொன் பரப்பி வாங்கிச் சங்கத்திற்கு ஈந்த அனாதபிண்டிகரும் வணிகரே. ஆயினும், உபாசகன் ஒருவன் மேற்கொள்ளலாகாத வாணிபங்கள் ஐந்து என்று பகவான் வரையறுத்தார். ஆயுதம், உயிர், ஊன், கள், நஞ்சு என்பன அவ்வைந்தின் பொருள்கள். இவற்றுள் இரண்டாவதாகிய உயிர் வாணிபத்தைப் பற்றி இன்று சிந்திக்கக் கருதுகிறோம். மிளகும் ஏலமும் சுக்கும் விற்று உலகெங்கும் பெயர் பெற்ற மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு, எதை விற்கலாம், எதை விற்றலாகாது என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமே அன்றோ?

பண்டை உரையாசிரியர்கள் உயிர் வாணிபம் என்பதற்கு மனிதரை விற்றல் என்றே பொருள் கூறினர். அவ்வுரை நம் ஊர்க்கு அந்நியமானதன்று. 1663ஆம் ஆண்டில் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றிய டச்சுக் கும்பினியார் காலத்தில், மனிதர்கள் விலை பேசப்பட்டு இத்துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டனர். அவர்களை விற்ற கிரயப் பத்திரங்கள் ஆவணக் காப்பகங்களில் இன்றும் கிடக்கின்றன. கொச்சி சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1854ஆம் ஆண்டிலேதான். அந்நாளில் அதனைச் செய்தோர் தம்மைக் கொடியோர் என்று எண்ணவில்லை. வணிகர் என்றே எண்ணினர். ஓர் உயிரின் மீது விலைச்சீட்டு ஒட்டப்பட்டவுடன் அவ்வுயிரின் வலி கண்ணுக்கு மறைந்துபோகும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

நாய்க்குட்டி விற்பதை மனிதரை விற்பதற்கு நிகராக்குவது நம் கருத்தன்று. ஆனால் அந்த மறைப்பு இங்கும் நிகழ்கிறதா என்று பார்த்தல் நம் கடமை. வாங்குவோர் காண்பது கம்பளத்தின் மேல் உருண்டு விளையாடும் குட்டியை மட்டுமே. அதனை ஈன்ற தாய் எங்கே? அதனைக் காண்போர் மிகச் சிலர்.

பெட்டை நாய் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை பருவமடைகிறது. ஏறக்குறைய 63 நாள் குட்டிகளைச் சுமக்கிறது. இலாபமே குறியாகக் கொண்டவன் ஒரு பருவத்தையும் வீணாக்க மாட்டான். பால் வற்றி உடல் தேறுமுன்னரே அதனை மீண்டும் இணைசேர்ப்பான். கூண்டிலேயே ஈன்று, கூண்டிலேயே இளைத்து, ஈனும் வலிமை போனபின் தெருவில் விடப்படும் தாய்கள் உண்டு. குட்டிகளோ, சிறியனவாக இருந்தால்தான் விலைபோகும் என்று, தாய்ப்பால் மறக்குமுன்னே பிரிக்கப்படுகின்றன. நோய் எதிர்ப்பாற்றல் நிரம்பாத அவ்வயதில் பார்வோ என்னும் குடல்நோய் கண்டால், புது வீடு புகுந்த சில நாளிலேயே அவை மடிகின்றன.

இனத்தின் பெயரால் நேரும் துன்பம் வேறு. நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்து வெப்பம் தணிப்பதன்று. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே அது குளிர்ச்சி பெறுகிறது. சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுக்க அமைந்த ஹஸ்கி நாயைக் கொச்சியின் புழுக்கத்தில் பூட்டி வைப்பது எத்தகைய அன்பு? பக், புல்டாக் ஆகிய இனங்களில் மூக்குச் சப்பையாதல் அழகென்று கருதித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். அதன் பயனாக அவற்றுட் பல மூச்சுவிடவே திணறுகின்றன. பிறவியிலேயே துன்பம் என்பதை மனிதன் தன் கையாலேயே செய்து காட்டியுள்ளான்.

இத்தகைய நாய்களை மக்கள் ‘சாதி நாய்’ என்று அழைக்கின்றனர். பிறப்பினால் உயர்வில்லை என்று உலகுக்கு உணர்த்திய ததாகதரின் வழி வந்தோர் இச்சொல்லைக் கேட்டுச் சற்றே நின்று எண்ண வேண்டும். மனிதரிடையே நாம் மறுக்கும் ஒன்றை நாயின் தலையில் ஏற்றி, அதற்குப் பல்லாயிரம் ரூபாய் விலையும் கொடுக்கிறோம். அதே தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குக் கல்லெறிகிறோம்.

போதிசத்துவர் நாயாகப் பிறந்த வரலாறு ஜாதகக் கதைகளில் உண்டு. காசி மன்னனின் தேர் ஒரு நாள் இரவு மழையில் நனைந்தது. ஊறிய தோல்வார்களை அரண்மனையின் உயர்குல நாய்கள் கடித்துத் தின்றன. பழியோ ஊர் நாய்களின் மேல் விழுந்தது. கண்ட இடமெல்லாம் நாய்களைக் கொல்லுமாறு மன்னன் ஆணையிட்டான். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்களித்தான். அஞ்சி ஓடிவந்த நாய்களின் கண்ணீரைக் கண்ட போதிசத்துவர், சுடுகாட்டிலிருந்து தன்னந்தனியே அரண்மனை புகுந்தார். குற்றத்தை ஆராயாமல் குலத்தைப் பார்த்துத் தீர்ப்பளித்தல் அறமோ என்று மன்னனை வினவினார். அரண்மனை நாய்களுக்கு மோரும் தருப்பைப் புல்லும் கலந்து ஊட்டச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. உண்மை உணர்ந்த மன்னன் எல்லா உயிர்க்கும் அபயம் அளித்தான். அவ்வபயம் உயர்குல நாய்க்கு ஒன்று, ஊர் நாய்க்கு ஒன்று என்று பிரிக்கப்படவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

கருணையை ஆணையாக்கிய மன்னர் கதையில் மட்டும் இருந்தாரல்லர். தரும அசோகர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில், கருவுற்றனவும் பாலூட்டுவனவுமாகிய ஆடுகளையும் பன்றிகளையும் கொல்லுதல் கூடாது என்றும், ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளைக் கொல்லலாகாது என்றும் விதித்தார். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம் ஏற்படுத்தியதைக் கூறும் இரண்டாம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியரோடு கேரளபுத்திரரின் நாடும் குறிக்கப்பட்டுள்ளது. ஆதலின் விலங்கின் நலம் பேணும் அரசாணை இம்மண்ணுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது.

நம் காலத்தில் அப்பணியைத் தொடங்கிவைத்தவர் ஒரு தமிழ்ப் பெருமாட்டி. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த மசோதாவே வழிகாட்டியாக நின்று, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்திற்கு அவ்வம்மையாரே முதல் தலைவர். அச்சட்டத்தின் கீழ் 2017ஆம் ஆண்டு மத்திய அரசு நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி, நாய் இனப்பெருக்கத்தைத் தொழிலாகச் செய்வோர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு பெறவேண்டும். 18 திங்கள் நிரம்பாத பெட்டையை இணைசேர்த்தல் கூடாது. எட்டு வயது கடந்ததையும் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றே. வாழ்நாளில் ஐந்திற்கு மேல் ஆகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. கணக்கேடு வைத்தல் வேண்டும். தாயையும் இளங்குட்டியையும் காத்த அசோகரின் ஆணையும் இவ்விதிகளும் ஒரே கருணையின் இரு கிளைகள் அல்லவோ?

எனினும் சட்டம் வேலி. வேலி பயிர் விளைவிக்காது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த தண்டம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. குட்டி ஒன்றுக்குப் பல்லாயிரம் பெறுபவன் அதற்கு அஞ்சுவானா? 2021ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலத்துறைக் கடற்கரையில் புரூணோ என்னும் லாப்ரடார் நாய் அடித்துக் கொல்லப்பட்டது. அதன் பெயராலேயே கேரள உயர் நீதிமன்றம் வழக்கு நடத்தியது. வளர்ப்பு நாய்களை உள்ளாட்சி மன்றங்களில் பதிவு செய்யவேண்டுமென்றும், மாநிலப் பிராணிகள் நல வாரியத்தைச் செயற்படுத்த வேண்டுமென்றும் அறிவுறுத்தியது. ஓர் உயிர் மாண்ட பின்னரே வாரியம் நினைவுக்கு வருமாயின், அதற்கு முன் காவல் நிற்கவேண்டியவர் யார்? நாமே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வருவாய் குறைந்த குடும்பம் வீட்டின் பின்கட்டில் ஒரு நாயை வளர்த்து, குட்டி விற்றுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் செலுத்துகிறது. அதுவும் பாவமோ என்று கேட்பர். வறுமையை நாம் பழிக்கவில்லை. ஆனால் தாயின் உடல் தாங்காத அளவு எது என்பதை வளர்ப்பவர் அறியாமல் இருக்க இயலாது. அறிந்தும் செய்தால் அது உழைப்பன்று. தனக்காக உழைக்க ஒப்பாத ஓர் உயிரைக் கசக்கிப் பிழிதலே ஆகும். நல்வாழ்க்கைத் தொழில் என்னும் மார்க்க அங்கம் செல்வர்க்கு மட்டும் சொல்லப்பட்டதன்று. அக்குடும்பத்திற்கு வேறு வழி தேடித் தருவது சங்கத்தார் அனைவரின் பொறுப்புமாகும்.

விற்பவரைக் காட்டிலும் வாங்குவோரிடமே நாம் மிகுதியாக வேண்டுகிறோம். ஆசை எழ, பொருள் எழுகிறது. ஆசை அடங்க, அது அடங்குகிறது. சார்பின் தோற்றம் என்னும் பேருண்மை அங்காடியிலும் பொருந்தும். இங்கிலாந்தில் குட்டிகளைத் தாயினின்று பிரித்து இடைத்தரகர் விற்பதை 2020 ஏப்ரலில் சட்டம் தடுத்தது. ஓயாது ஈன்று நலிந்து மீட்கப்பட்ட லூசி என்னும் பெட்டை நாயின் பெயரால் அச்சட்டம் அழைக்கப்படுகிறது. தாயைக் காட்டு என்பதே அதன் சாரம். அத்தகைய சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. குட்டி வாங்க நினைப்பவர் தாயைக் காட்டச் சொல்லுங்கள். பதிவுச் சான்றைக் கேளுங்கள். எட்டு வாரம் நிரம்பியதா என்று கேளுங்கள். இவ்வூர் வெப்பத்தைத் தாங்கும் உயிரா என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைக்கவில்லையெனில் வெறுங்கையுடன் திரும்புங்கள். அவ்வெறுங்கையும் ஒரு தானமே.

அதனினும் சிறந்தது, விலையில்லாத நாட்டுக் குட்டி ஒன்றை வீட்டில் ஏற்றல். மட்டாஞ்சேரியில் குஜராத்திச் சமணர் 1904இல் எழுப்பிய தருமநாதர் கோயில் முற்றத்தில் புறாக்களுக்குத் தானியம் இறைக்கின்றனர். புறாவின் குலம் எது என்று அங்கு எவரும் வினவுவதில்லை. நம் வாசலில் வந்து நிற்கும் நாயிடமும் அவ்வாறே நடப்போமாக. விலை பேசாத கண்ணோடு அதனை நோக்குவோமாக. ஈன்ற வயிறுகள் யாவும் இளைப்பாறுக. பிறந்த குட்டிகள் யாவும் தாய்மடியில் பால் பெறுக. தம்மம் நம் தொழிலிலும் தழைக்குக!