கூட வந்தவனை விட்டுட்டு ஏறின படி

இது ஒரு தப்பை ஒத்துக்கிற பதிவு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி தைப்பூசத்துக்கு நானும் என் நண்பனும் மதுரையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போனோம். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்கு அவனோட வேண்டுதல் அது. எனக்கு வேண்டுதல்னு எதுவும் இல்ல. என்னால முடியும்னு எனக்கே காட்டிக்கணும், அவ்வளவுதான். கால்ல செருப்பு கூடாது, வண்டியில ஏறக்கூடாது, பூசத்தன்னிக்கு விடியும்போது மலை மேல இருக்கணும். எல்லாம் நானே போட்டுக்கிட்ட கணக்கு.

திண்டுக்கல் தாண்டினதும் அவன் பாதத்துல கொப்புளம். ஒட்டன்சத்திரம் வந்தப்போ அது உடைஞ்சு, கால் ஊன முடியாம ஒரு அன்னதானப் பந்தல் ஓரமா உக்காந்துட்டான். இன்னும் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் இருக்கு. "நீ போடா, நான் மெதுவா வர்றேன்"ன்னான். "நிஜமாவா?"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவை கேட்டா வேற பதில் வந்துடுமோன்னு பயம். அதனால கேக்கல.

நினைச்ச நேரத்துக்கு மலை ஏறிட்டேன், தரிசனமும் கிடைச்சுது. அவனைப் பந்தல்காரங்க ராத்திரி படுக்க வெச்சு, கால்ல மஞ்சள் பத்து போட்டு, மறுநாள் முன்பின் தெரியாத ஒரு குழுவோட அனுப்பி வெச்சிருக்காங்க. பூசம் முடிஞ்சு வந்து சேர்ந்தான். என்கிட்ட கோபப்படவே இல்ல. அதுதான் தாங்க முடியல.

ரீல்ஸைத் திறந்தா "உன்னைப் பின்னாடி இழுக்கிறவங்களை விட்டுட்டு முன்னேறு"ன்னு ஒரே அறிவுரை. நானும் அதை ஸ்டேட்டஸ் வெச்சவன்தான். இழுக்கிறவங்க வேற, முடியாம நின்னுட்டவங்க வேற. அன்னிக்கு எனக்கு அந்த வித்தியாசம் தெரியல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன்னு சொல்றதுதான் சரி. விரதத்தை நினைச்சபடி மாத்தினா அது விரதமான்னு இன்னொரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா அந்த நேரக்கணக்கை முருகன் எங்கிட்ட கேக்கலையே.

இடும்பன் சன்னதியில எத்தனையோ தடவை கும்பிட்டிருக்கேன், கதையை யோசிச்சதில்ல. அகத்தியர் சொல்லி சிவகிரி, சக்திகிரி ரெண்டையும் காவடியா தூக்கிட்டுப் பொதிகைக்குக் கிளம்பினவர், களைச்சுப்போய் ஆவினன்குடியில இறக்கி வைக்கிறார். திரும்பத் தூக்க முடியல. அப்புறம் நடந்த சண்டை நமக்கெல்லாம் தெரியும். போன உயிர் திரும்பினதே இடும்பி அழுது கேட்டதாலதான். ஆனா அந்த மலை பொதிகைக்குப் போய்ச் சேரவே இல்ல, கவனிச்சீங்களா? ஒத்துக்கிட்ட வேலை முடியல. பாதியில இறக்கி வெச்ச சுமை மேலதான் நாம இன்னிக்கும் படி ஏறுறோம். அதுவும் அவரை முதல்ல கும்பிட்டுட்டு.

போன வாரம் துணிஞ்சு அவன்கிட்ட கேட்டுட்டேன், அன்னிக்கு என் மேல கோபமே இல்லையாடான்னு. "இருந்துச்சுடா. ஆனா பந்தல்ல ஒரு தாத்தா ராத்திரி பூரா என் கால் பக்கத்துலயே உக்காந்திருந்தார். அவர் பேரைக்கூட கேக்காம வந்துட்டேன். இப்போ அதுதான் உறுத்துது"ன்னான்.

இந்தத் தைப்பூசத்துக்கு அந்தப் பந்தலைத் தேடிப் போறோம். நடந்துதான். பூசத்துக்குள்ள பழனி போய்ச் சேருவோமான்னு தெரியல. அவன் கால் சொல்ற வேகம்தான் எனக்கும். செருப்பு வாங்கியாச்சு, ரெண்டு ஜோடி.

வேலும் மயிலும் துணை.