லாம்ப்விக்குக்காக யாரும் வரவில்லை

வால்ட் டிஸ்னியின் ‘பினோக்கியோ’ 1940 பிப்ரவரியில் வெளியானது. அன்றிலிருந்து பெரியவர்கள் அதைக் குழந்தைகளுக்கு ஓர் எச்சரிக்கையாகவே சொல்லிவருகிறார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும். பள்ளிக்கு மட்டம் போட்டுச் சுருட்டுப் பிடித்தால் கழுதையாகிவிடுவாய். அப்பா பேச்சைக் கேட்டு நடந்தால் மரப்பொம்மைகூட மனிதனாகும். இப்படிச் சுருக்கிவிட்டால் படம் பத்திரமான பண்டமாகிவிடுகிறது. படத்தில் நடப்பதோ வேறு. ஒரே தவறை, ‘இன்பத் தீவு’ என்ற ஒரே இடத்தில், ஒரே இரவில் இரண்டு சிறுவர்கள் செய்கிறார்கள். ஒருவன், மரப்பொம்மையான பினோக்கியோ, தப்பி, கடைசியில் மனிதனாகிறான். மற்றவன், அவன் நண்பன் லாம்ப்விக், கழுதையாகி அந்தத் தீவிலேயே கைவிடப்படுகிறான். குணத்தில் முதலாமவன் மேலானவன் என்று சொல்ல அந்த இரவில் எந்தச் சான்றும் இல்லை. அப்படியானால் ஏன் ஒருவனுக்கு மட்டும் மீட்பு? சமயச் சிந்தனையின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று இது. இந்தப் படம் அதைக் குழந்தைகள் முன் வைத்துவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. அதன் உண்மையான இருட்டு அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம்.

இன்பத் தீவின் பில்லியர்ட்ஸ் கூடத்துக் காட்சியை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். லாம்ப்விக் சுருட்டும் பீருமாக உட்கார்ந்து, மனசாட்சியாக வந்த ஜிமினி என்ற சில்வண்டை ஏளனம் செய்கிறான். ஒரு பூச்சியின் பேச்சைக் கேட்டா நடக்கிறாய் என்று பினோக்கியோவைச் சீண்டுகிறான். கோபித்துக்கொண்டு ஜிமினி கிளம்பிவிடுகிறது. சற்று நேரத்தில் லாம்ப்விக்குக்கு நீண்ட காதுகள் முளைக்கின்றன, வால் வருகிறது. அவனுக்கு அது தெரியவில்லை. பினோக்கியோ மட்டும் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பீரைத் தள்ளிவைக்கிறான், சுருட்டை எறிகிறான். பிறகு லாம்ப்விக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறான். அதுவரை வாய்ச்சவடால் அடித்தவன் பினோக்கியோவின் சட்டையைப் பிடித்துக் கெஞ்சுகிறான். அந்தப் பூச்சியைக் கூப்பிடு, யாரையாவது கூப்பிடு என்று கதறுகிறான். பிடித்திருக்கும் கைகள் நம் கண்ணெதிரே குளம்புகளாகின்றன. அதற்குப் பிறகு நமக்குக் காட்டப்படுவது சுவரில் விழும் நிழல் மட்டுமே. அம்மாவை அழைக்கும் குரல் பாதியிலேயே கழுதையின் கத்தலாக மாறிவிடுகிறது. தான் கேலி செய்த மனசாட்சியையே கடைசியில் அவன் கூப்பிடச் சொன்னான் என்பதை மறக்கக் கூடாது. வருந்தியவனுக்கு மன்னிப்பு உண்டு என்று எல்லாச் சமயங்களும் ஏதோ ஒரு வகையில் சொல்கின்றன. இவன் வருந்தினான். பயத்தில் வந்த வருத்தம்தானே என்று தள்ளிவிடலாம். ஆனால் பினோக்கியோ சுருட்டை எறிந்ததும் அதே பயத்தால்தான்.

இதைத் தண்டனை என்று சொல்பவர்கள், தண்டிப்பவன் யார் என்று பார்க்கத் தவறுகிறார்கள். சிறுவர்களைத் தீவுக்கு அழைத்து வருகிறவனும், அவர்கள் கழுதையானதும் பெட்டிகளில் அடைத்து உப்புச் சுரங்கத்துக்கும் சர்க்கஸுக்கும் அனுப்புகிறவனும் ஒருவனேதான்: அந்தப் பருத்த வண்டிக்காரன். ஆசை காட்டுவதும் அவன், ஆசைக்கு விலை வசூலிப்பதும் அவன். நீதிபதியின் இடத்தில் ஒரு வியாபாரி உட்கார்ந்திருக்கிறான். விடுதிக் காட்சியில் தன் திட்டத்தை அவன் விவரிக்கும்போது, அதுவரை ஊரை ஏமாற்றிப் பிழைத்த நரிகூட வெலவெலத்துப்போய்ச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறது. போன பையன்கள் பையன்களாகத் திரும்புவதில்லை என்று வண்டிக்காரன் சொல்லும் கணத்தில் அவன் முகம் திரை முழுக்க விரிந்து பேயின் முகமாகிறது. கெட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது என்று படம் சொல்ல விரும்பியிருந்தால், அதை நிறைவேற்றுகிறவனை இப்படி வரைந்திருக்காது. வினைப்பயன் என்ற சட்டகத்தில் பழகிய நமக்கு இதையும் வினைக்கணக்கில் எழுதிவிடத் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் லாபம் இன்னொருவன் பைக்குப் போகிறது. அந்த இன்னொருவனுக்குப் படத்தின் இறுதிவரை எந்தத் தீங்கும் நேர்வதில்லை. அவன் பிடிபடவில்லை, தீவு மூடப்படவில்லை.

துறைமுகத்தில் வரும் ஒரு சிறு காட்சி இதைவிடக் கொடியது. வண்டிக்காரன் ஒவ்வொரு கழுதையாக நிறுத்திப் பெயர் கேட்கிறான். பதிலுக்குக் கத்த மட்டுமே தெரிந்தவற்றின் உடைகளைக் கிழித்தெறிந்து பெட்டியில் தள்ளுகிறான். மாலுமித் தொப்பி போட்ட ஒரு குட்டிக் கழுதை மட்டும் தன் பெயர் அலெக்சாண்டர் என்று சொல்லி, அம்மாவிடம் போக வேண்டும் என்கிறது. பேச முடிகிறது என்பதாலேயே அது விற்பனைக்கு ஆகாது, திரும்பக் கொட்டடிக்கு. அங்கே இன்னும் பேச்சு மறக்காத பலர் விடுவிக்கும்படி கெஞ்சுகிறார்கள். பதிலாகச் சாட்டை சொடுக்கும் ஒலி. அரிஸ்டாட்டில் தன் அரசியல் நூலின் தொடக்கத்தில் ஒரு வேறுபாட்டை வகுக்கிறார். இன்பத்தையும் வலியையும் வெளிப்படுத்தும் குரல் விலங்குகளுக்கும் உண்டு. நியாயம் எது, அநியாயம் எது என்று எடுத்துச் சொல்லும் பேச்சு மனிதனுக்கு மட்டுமே உண்டு என்கிறார். இந்தத் தீவில் அந்த வேறுபாடு சந்தை விதியாகிவிட்டது. தனக்கு நடப்பது அநியாயம் என்று சொல்ல முடிகிறவரை ஒருவனை விற்க முடியாது. ஆகவே அந்தத் திறன் போகும்வரை காத்திருக்கிறார்கள். கட்டாய உழைப்பின் இயல்பை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சி, பெரியவர்களுக்கான படங்களிலும் அதிகம் இல்லை.

மீட்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். புனித அகஸ்டின் தன் ‘ஒப்புதல்கள்’ நூலில் பதினாறு வயதில் நண்பர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதைப் பல பக்கங்களுக்கு ஆராய்கிறார். பசியால் திருடவில்லை, தவறு செய்வதன் சுவைக்காகத் திருடினோம், தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்கிறார். வண்ணக்கண்ணாடி ஜன்னல் மீது லாம்ப்விக் கல்லெறிவதும், பக்கத்தில் நின்று பினோக்கியோ பூரிப்பதும் அதே வகைத் தவறுதான். அகஸ்டின் பிற்காலத்தில் பெலாஜியஸோடு நடத்திய நீண்ட விவாதத்தின் மையமும் இங்கே பொருந்துகிறது: பெலாஜியஸ் சொன்னபடி மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகி மீட்படைகிறானா, அல்லது அவன் சம்பாதிக்காத அருள் அவனைத் தேடி வருகிறதா? பொம்மைக்கு உயிர் தந்த நீல தேவதை பினோக்கியோவிடம் பேசுவது பெலாஜியஸின் மொழி. துணிச்சல், உண்மை, தன்னலமின்மை ஆகியவற்றை நிரூபித்துக் காட்டு, மனிதனாவாய் என்கிறாள். ஆனால் கதை நகர்வது அகஸ்டினின் வழியில். பினோக்கியோ கூண்டில் அடைபட்டபோது தேவதை வந்து திறந்துவிடுகிறாள். தீவிலும் ஜிமினி கோபித்துக்கொண்டு போன வழியில் கழுதைகளைப் பார்த்துப் பதறித் திரும்பி ஓடிவருவதால்தான் அவன் தப்புகிறான். அவனை மீட்டது அவன் நல்லவன் என்பதல்ல. அவனுக்காக ஒருவர் திரும்பி வந்தார்; லாம்ப்விக்குக்காக யாரும் வரவில்லை.

பினோக்கியோ பின்னால் உயிரையே கொடுக்கிறானே, மான்ஸ்ட்ரோ திமிங்கிலத்திடமிருந்து தந்தை கெப்பெட்டோவைக் காப்பாற்றித் தண்ணீரில் முகம் கவிழ்ந்து கிடக்கிறானே, தகுதி அங்கே நிரூபணமாகவில்லையா என்று கேட்கலாம். வலுவான மறுப்புத்தான் இது. அந்தத் தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தீவில் தனக்கும் முளைத்த கழுதைக் காதுகளோடும் வாலோடும், அதாவது தன் தவறின் அடையாளங்களோடு அவன் அதைச் செய்கிறான் என்பது படத்தின் மிக உயர்ந்த எண்ணங்களில் ஒன்று. ஆயினும் தியாகம் செய்வதற்கே முதலில் ஆள் மிச்சமிருக்க வேண்டும். தேட ஒரு தந்தையும் எச்சரிக்க ஒரு மனசாட்சியும் இருந்ததால் பினோக்கியோவுக்கு அடுத்த நாள் கிடைத்தது. அந்த அடுத்த நாள் கிடைத்திருந்தால் லாம்ப்விக் என்ன செய்திருப்பான் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனதுதான் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

இதெல்லாம் திரைக்கதையின் கவனக்குறைவு, கதை திமிங்கிலத்தை நோக்கி ஓடும் அவசரத்தில் அந்தப் பையன்கள் மறக்கப்பட்டார்கள், இதில் தத்துவம் தேடுவது வீண் என்றும் வாதிடலாம். மூலக்கதையைப் பார்த்தால் இது அவ்வளவு எளிதாக நிற்காது. கார்லோ கொல்லோடி 1881-இல் இத்தாலியில் ஒரு சிறுவர் இதழில் தொடராக எழுதத் தொடங்கிய கதை, முதலில் பொம்மை மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு முடிந்தது. பிறகுதான் அது நீண்டு 1883-இல் நூலானது. அந்த நூலில் பினோக்கியோ முழுக் கழுதையாகவே மாறி விற்கப்பட்டு, பின் மீள்கிறான். கடைசி அத்தியாயத்தில் நோயுற்ற தந்தைக்கு ஒரு கோப்பைப் பால் வாங்க, கிணற்றில் நீர் இறைக்கும் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் போகிறான். அதுவரை அந்த வேலையைச் செய்த கழுதை தொழுவத்தில் சாகக் கிடக்கிறது. அது அவனுடைய பழைய நண்பன். பினோக்கியோ கண்ணீர் வடிக்கிறான், நண்பன் இறக்கிறான், இவன் அவன் இடத்தில் நின்று சக்கரத்தைச் சுற்றுகிறான். டிஸ்னி குழுவினர் தங்களுக்கு முன்னே இருந்த இந்த விடைபெறுதலை எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். விளைவு, புத்தகத்தைவிடப் படம் கடுமையாகிவிட்டது. புத்தகத்தில் லாம்ப்விக்குக்கு ஒரு சாவும் அழ ஒரு நண்பனும் உண்டு. படத்தில் அவன் கூடத்தில் மேசை நாற்காலிகளை உதைத்துக்கொண்டிருக்கும்போதே நாம் அவனை விட்டு வெளியேறிவிடுகிறோம்.

இந்தக் கேள்வி நம்மைத் தைப்பதற்குக் காரணம் வரைகலைதான். லாம்ப்விக்குக்கு உயிரூட்டியவர் பிரெட் மூர், டிஸ்னி கூடத்தின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று. வில்லனின் கையாளாக வரைந்து தள்ளியிருக்கலாம். அவரோ தெத்துப்பல்லும் திமிரும் தனிமையும் கலந்த, எந்தத் தெருவிலும் பார்க்கக்கூடிய ஒரு பையனை வரைந்தார். அவன் சாய்ந்து உட்கார்வதிலும் கண்ணைச் சிமிட்டுவதிலும் நமக்கு அவன் மேல் பிரியம் வந்துவிடுகிறது. இழப்பு வலிக்க வேண்டுமென்றால் முதலில் அந்தப் பிரியம் வேண்டும். குஸ்டாஃப் டெங்கிரென் தீட்டிய முன்னோவியங்களிலிருந்து பிறந்த பழைய ஐரோப்பிய ஊரும் அதே வேலையைச் செய்கிறது. கண்ணாடித் தளங்களை அடுக்கடுக்காக வைத்துப் படம்பிடிக்கும் மல்ட்டிபிளேன் கேமரா, பள்ளிக்கூட மணியடிக்கும் காலையில் கூரைகளைக் கடந்து தெருவுக்கு இறங்கி வரும் காட்சியில் குழந்தைகள் துள்ளி ஓடுகிறார்கள். இழக்கப்போவது இந்தக் காலையைத்தான் என்று சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. வண்டிக்காரனின் ஆட்களுக்கோ முகமே இல்லை. கரிய உருவங்கள், கண்கள் மட்டும். முகம் கொடுப்பதிலும் மறுப்பதிலும் இந்தப் படம் தன் அறத்தை எழுதுகிறது.

ஆனாலும் ஒரு குறையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. தீவிலிருந்து தப்பிய பிறகு பினோக்கியோ தன் நண்பனின் பெயரை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. தன்னலமின்மைக்குப் பரிசாக மனிதனாக்கப்படும் ஒருவன், தன் கண்ணெதிரே கதறியவனைப் பற்றிக் கேட்பதே இல்லை. கெப்பெட்டோவின் வீட்டில் நடக்கும் இறுதிக் கொண்டாட்டத்தின் மகிழ்ச்சி உண்மையானது, முழுமையானதல்ல. படம் தான் எழுப்பிய கேள்வியின் கனத்தைத் தாங்க முடியாமல் இங்கே கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. கொல்லோடி திருப்பிக்கொள்ளவில்லை, அந்த ஓரிடத்தில் அவரே பெரியவர்.

இவ்வளவு கனமான ஒன்றைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்றால், மிகச் சிறியவர்களுக்கு வேண்டாம். மற்றவர்களுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டலாம். படம் முடிந்ததும் பல குழந்தைகள் மூக்கைப் பற்றியோ திமிங்கிலத்தைப் பற்றியோ கேட்க மாட்டார்கள். அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பார்கள். அப்போது அவர்கள் பிறகு காப்பாற்றப்பட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். படத்தில் அப்படி இல்லை. அந்தக் குழந்தை கேட்டது பினோக்கியோ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதைப் பொய்யால் மூடாமல், உட்கார்ந்து பேசுங்கள்.