ஒற்றை இருக்கை

ஆழமான பனியில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் "ஸ்னோமொபைல் வாங்கலாமா, ஸ்னோபைக் வாங்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நீங்க எங்க ஓட்டப் போறீங்கங்கறதைப் பொறுத்தது." நியாயமான பதில். ஒரு கருவியின் நல்லது கெட்டது அது இறங்குகிற களத்தில்தான் தெரியும். ஆனால் இந்தப் பதில் ஒரு விஷயத்தைச் சத்தமில்லாமல் முடிவு செய்துவிடுகிறது. எல்லா இடத்திலும் ஓட்டலாம், எதை வைத்து ஓட்டுவது என்பதுதான் பாக்கி என்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு அந்த முடிவைப் பற்றித்தான் பேசணும்.

இந்த வண்டிகளில் எதையும் நான் ஓட்டியதில்லை. கனடாவில், கால்கரியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் ஓட்டுகிறான். குளிர்காலத்தில் வாரக்கடைசி வந்தால் ராக்கி மலையைத் தாண்டி ரெவல்ஸ்டோக் பக்கம் போய்விடுவான். இருக்கிற ஸ்னோமொபைலை விற்றுவிட்டு ஸ்னோபைக் வாங்கலாமா என்று இரண்டு வருடமாக யோசிக்கிறான். நாங்கள் போனில் போட்ட சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான். "ஓட்டாதவனுக்கு என்னடா தெரியும்?" என்பான். வண்டியைப் பற்றி அவன் சொல்வதை நான் அப்படியே கேட்டுக்கொள்கிறேன். மீதிக்கு ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முதலில் வண்டிகள். ஸ்னோமொபைலுக்கு முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் ஒரு ரப்பர் பட்டை. மலைக்கென்றே செய்கிற ரகங்களில் பட்டை 15, 16 அங்குல அகலம் இருக்கும். எஞ்சின் பெரும்பாலும் 850 சிசியை ஒட்டி, 160 குதிரைத்திறனைத் தாண்டும். எடை 200 கிலோவை ஒட்டி. ஸ்னோபைக் என்பது டர்ட் பைக்கின் இரண்டு சக்கரங்களையும் கழற்றிவிட்டு, முன்னால் ஒரே ஒரு ஸ்கீயும் பின்னால் குறுகலான பட்டையும் பூட்டிய வண்டி. பெரும்பாலும் 450 சிசி, ஐம்பது சொச்சம் குதிரைத்திறன், எடையும் குறைவு.

இறுகிய பாதையில் நெடுந்தூரம் போக வேண்டுமென்றால் ஸ்னோமொபைல். இரண்டு ஸ்கீயில் அது சாயாமல் நிற்கும், வேகமாகவும் போகும். ஒற்றை ஸ்கீ வண்டி அங்கே முன்னே போனவர்களின் தடத்தில் மாட்டி அலைபாயும். மரமில்லாத செங்குத்துச் சரிவில், இடுப்பளவு பொடிப்பனியில், வலிமைதான் பேசும், அங்கேயும் ஸ்னோமொபைலே. நெருக்கமான மரங்களுக்குள் கதை தலைகீழ். ஸ்னோபைக் சைக்கிள் மாதிரி சாய்ந்து, ஆள் நுழைகிற இடைவெளியில் நுழைந்துவிடும். மலைச்சரிவின் குறுக்காகப் போகும்போது ஸ்னோமொபைலை உடம்பின் பாரத்தைக் கொண்டு ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்கணும். ஸ்னோபைக்குக்கு அந்தச் சாய்வு இயல்பு. வசந்தம் நெருங்கும்போது பனி கல் மாதிரி இறுகிவிடும். பட்டை வாரி இறைக்கிற பனியில்தான் பெரும்பாலான ஸ்னோமொபைல்கள் தங்கள் எஞ்சினைக் குளிர்வித்துக்கொள்கின்றன. இறுகிய தரையில் அது கிடைக்காமல் சூடேறும். ரேடியேட்டர் உள்ள பைக்குக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் ஆழமான பனியில் பைக்கை நிறுத்திக் காலை ஊன்றினால் கால் போய்க்கொண்டே இருக்கும், வண்டி சாயும். ரிவர்ஸ் கியரும் கிடையாது. இன்னொருவரை ஏற்ற முடியாது. பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிச் சாமான் இழுப்பது ஸ்னோமொபைலின் வேலை.

இவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு எழுதிவிடலாம். எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிகள்தான். இன்னொருவரை ஏற்ற முடியாது என்பது.

*

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு சின்ன ஊர். ஜோசஃப்-ஆர்மான் பாம்பார்டியே அங்கே கராஜ் வைத்திருந்த மெக்கானிக். 1934 ஜனவரியில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடுமையான தொற்று. சாலைகள் பனியில் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்கான பரிசோதனைகளை அவர் அதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு அது விளையாட்டாக இருந்திருக்க முடியாது. பல்சக்கரத்தால் பட்டையை ஓட்டும் அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார்.

அவர் விற்ற வண்டிகளின் பெயரைக் கவனியுங்கள். பி7, பி12. எண்கள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதைச் சொல்கின்றன. ஏழு பேர், பன்னிரண்டு பேர். மருத்துவர்களும் தபால்காரர்களும் அதில் போனார்கள். பள்ளிக் குழந்தைகள் போனார்கள். அது ஆம்புலன்ஸாகவும் ஓடியது. 1948இல் கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு சட்டம் கொண்டுவந்ததும் அந்த வியாபாரம் சரிந்தது. சாலையே திறந்துவிட்ட பிறகு பனியில் ஓடும் பேருந்து எதற்கு? 1959இல் ஸ்கீ-டூ வந்தது. ஒருவரோ இருவரோ போகிற சின்ன வண்டி. வடக்கே பொறி வைத்துப் பிழைப்பவர்களும் மிஷனரி பாதிரியார்களும் அதை வாங்கினார்கள். கொஞ்ச காலத்திலேயே அதைவிடப் பல மடங்கு ஆட்கள் சும்மா ஓட்டிப் பார்க்க வாங்கினார்கள். அங்கிருந்து ஒற்றை ஆள் ஸ்னோபைக்கு வரை வந்திருக்கிறோம். பன்னிரண்டு, ஏழு, இரண்டு, ஒன்று.

இதைச் சீரழிவு என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அதே பாம்பார்டியே 1922இல், 15 வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினில் விமான விசிறி மாதிரி ஒன்றைப் பூட்டிப் பனியில் ஓட்டியவர். அப்போது யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. பையனுக்கு ஓட்டணும் போலிருந்தது, அவ்வளவுதான். தேவை ஒரு பக்கம், விளையாட்டு ஒரு பக்கம் என்று பிரித்து, முன்னது நல்லது பின்னது வீண் என்று சொல்ல முடியாது. அந்த விளையாட்டு இல்லாவிட்டால் பிறகு வந்த ஆம்புலன்ஸும் இல்லை.

அதேபோலத் தேவைக்காக வந்தது என்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. பின்லாந்தின் வடகிழக்கில் ஸ்கோல்ட் சாமி மக்கள் இருக்கிறார்கள். ரெயின்டீர் மேய்ப்பது அவர்கள் வாழ்க்கை. 1960களின் தொடக்கத்தில் அங்கே முதல் ஸ்னோமொபைல்கள் போயின. பத்து வருடத்துக்குள் ரெயின்டீர் இழுக்கும் சறுக்குவண்டி ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெர்ட்டி பெல்டோ என்ற மானுடவியலாளர் இதைப் பற்றி 1973இல் ஒரு புத்தகமே எழுதினார். நாள் முழுக்கப் பிடித்த பயணங்கள் சில மணி நேரமாகச் சுருங்கின. கூடவே பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் ரொக்கம் தேவைப்பட்டது. வாங்க முடிந்தவர்கள் மேய்ச்சலில் நின்றார்கள், முடியாத பல குடும்பங்கள் வெளியேறின. விலங்கும் மாறியது. மனிதரோடு பழகி வளர்ந்த மந்தை, சத்தத்தோடு துரத்துகிற எந்திரத்தைக் கண்டு ஓடப் பழகி, காட்டுவிலங்கின் பக்கம் திரும்பிப் போனது. யாரும் தப்பாக எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் வேலைக்கு ஏற்ற வண்டியைத்தான் வாங்கினார்கள்.

*

இனி பனிக்குள் இருப்பவற்றைப் பற்றி. மேற்குக் கனடாவின் மலைக் கரிபுகளும் ரெயின்டீர் இனம்தான். குளிர்காலத்தில் மற்ற மான்கள் கீழே இறங்கும்போது இவை மேலே ஏறுகின்றன. குளம்பு அகலமானது, ஆழ்ந்த பனியில் அதிகம் புதையாது. பனி ஏற ஏற, அதன் மேல் நின்றுகொண்டு மரக்கிளைகளில் தொங்கும் லைக்கனை எட்டித் தின்னலாம். ஓநாயும் மலைச்சிங்கமும் அந்தப் பனியில் புதைந்து தவிக்கும் என்பதால் மேலே வருவது குறைவு. அதாவது பனிதான் கரிபுவின் கோட்டை. யாரும் சுலபமாக வர முடியாது என்பதுதான் அதன் ஒரே பாதுகாப்பு.

ஒரு வண்டி அங்கே போய்த் திரும்பினால் பனி இறுகி ஒரு பாதை உருவாகிறது. அது நமக்குத் தடம், ஓநாய்க்குச் சாலை.

இடாஹோ, வாஷிங்டன் மாநிலங்களுக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்த தெற்கு செல்கிர்க் மந்தையில் 2018இல் எண்ணியபோது மூன்று கரிபுகள் இருந்தன. மூன்றும் பெண். 2019 ஜனவரியில் மிஞ்சியிருந்த ஒன்றைப் பிடித்து, ரெவல்ஸ்டோக் அருகே அடைப்புக்குக் கொண்டுபோனார்கள். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்க மண்ணில் கால் வைத்த கடைசிக் கரிபு மந்தை அத்துடன் முடிந்தது.

இதற்கு ஸ்னோமொபைல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய். முக்கியக் காரணம் பழைய காடுகளை வெட்டியது. வெட்டிய இடத்தில் புதர் முளைத்தது, புதரைத் தேடி மூஸும் மானும் வந்தன, அவற்றைத் தேடி ஓநாய் வந்தது. நண்பனும் இதைத்தான் பிடித்துக்கொண்டான். "மரம் வெட்டினவன் லாரில போயிட்டான். ஞாயித்துக்கிழமை போற நான் குத்தவாளியா? அதுவும் ஸ்னோபைக் சின்ன வண்டிடா. தடம் ஒல்லி. பார்க்கப்போனா ஸ்னோமொபைலைவிட அதுதான் நல்லது."

நியாயமான வாதம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கு. பெரிய வண்டிக்கு மரக்கூட்டம் வேலியாக இருந்தது. சரிவு வேலியாக இருந்தது. அந்த வேலியை யாரும் சட்டம் போட்டுக் கட்டவில்லை. வண்டியால் முடியாது என்பதாலேயே சில இடங்கள் மிஞ்சியிருந்தன. சின்ன வண்டி ஒரு தடவை போகும்போது செய்யும் கேடு குறைவாக இருக்கலாம். ஆனால் அது போகக்கூடிய இடங்கள் கூடிவிட்டன. முடியாமல் இருந்தவரை அங்கே போகாதிருந்ததில் நமக்குப் பெருமையும் இல்லை, பொறுப்பும் இல்லை. முடியும் என்று ஆன நாளிலிருந்து, போகாமல் இருப்பது நாம் எடுக்க வேண்டிய முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை வண்டி நமக்காக எடுக்காது. கால்நடையாக ஸ்கீயில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்களும் விலங்கைக் கலைக்கிறார்கள். எஞ்சின் இருக்கிறதா இல்லையா என்பது இங்கே இரண்டாவது விஷயம்.

*

பனிச்சரிவுக்கு வருவோம். எஞ்சின் சத்தத்தால் பனிச்சரிவு வரும் என்று சினிமாவில் காட்டுவது சரியல்ல. பனிக்குள் பலவீனமான ஒரு அடுக்கு இருந்து, அதன் மேல் விழும் பாரம் தாங்காதபோது சரிகிறது. பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில். புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கப் பெரும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வாய்ப்பு செங்குத்தாக விழுகிறது. மீட்புக்குழு கிளம்பி வருவதற்குள் அந்த நேரம் முடிந்துவிடும். ஆகவே உங்களைக் காப்பாற்றப் போகிறவர் உங்களோடு வந்தவர்தான். அவரிடம் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, மண்வாரி இருக்கணும். எல்லாவற்றுக்கும் மேல், அவர் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கணும்.

இங்கேதான் அந்த ஒற்றை இருக்கை மறுபடி வருகிறது. நான்கு பேர் ஸ்னோமொபைலில் வந்திருக்கிறார்கள், ஒருவர் ஸ்னோபைக். அவர் மரங்களுக்குள் நுழைகிறார். மற்ற நால்வரால் நுழைய முடியாது. அந்த நிமிடத்திலிருந்து அவர் குழுவில் இருந்தும் தனியாள். அவருக்கு ஏதாவது ஆனால் தேடிப் போகிறவர் கால்நடையாக, மார்பளவு பனியில் போகணும். அந்தச் சரிவு அவரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். "என் உயிர், என் ரிஸ்க்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் காணாமல் போனால் யாரோ தேடி வரத்தான் செய்வார்கள், வரக் கூடாது என்று நாம் எழுதிக் கொடுத்திருந்தாலும். அந்த மலை ஊர்களில் தன்னார்வ மீட்புக்குழுவில் இருப்பவர்களில் பலர் இதே வண்டிகளை ஓட்டுகிறவர்கள். அடிபட்டவரைப் பின்னால் கட்டி இழுத்து வருவதும் ஸ்னோமொபைல்தான். பன்னிரண்டு இருக்கையின் குணம் அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

திருக்குறளின் அதிகார வரிசை எனக்கு இந்த இடத்தில் உதவுகிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வரும். குதிரைத்திறன், பருவம், நிலம். வண்டி வாங்குகிறவர் கேட்கும் மூன்று கேள்விகளும் அதில் அடக்கம். ஆனால் அந்த மூன்றுக்கும் முன்னால் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. செய்யலாமா என்று எண்ணிப் பார்ப்பது அங்கே. எதைக் கொண்டு, எப்போது, எங்கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம். நாம் அந்த முதல் அதிகாரத்தைத் தாண்டிக் குதித்து மூன்றில் இறங்கிவிடுகிறோம். கடைக்காரரும் அங்கிருந்துதான் பேச ஆரம்பிக்கிறார்.

ஆகவே வாங்காதே, ஓட்டாதே என்று நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை. வேண்டியதெல்லாம் கேள்விகளின் வரிசை. அங்கே யார் இருக்கிறார்கள்? கரிபுவுக்காக மூடிய பகுதிகளின் வரைபடத்தைப் பார்த்தேனா? எனக்கு ஏதாவது ஆனால் யார் வருவார், அவரால் வர முடியுமா? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு, பொடிப்பனியா இறுகிய பாதையா, இரண்டு ஸ்கீயா ஒன்றா என்று ராத்திரி முழுக்கப் பேசலாம். பேச எனக்கும் பிடிக்கும்.

நண்பன் எதை வாங்கினாலும் சரி. ஒரு மரக்கூட்டத்தின் முன்னால், உள்ளே போக முடியும் என்று நன்றாகத் தெரிந்த பிறகும், பின்னால் வருகிறவரால் வர முடியாது என்பதற்காக வண்டியைத் திருப்பினால் போதும். ஸ்னோபைக்குக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. இறங்கி, பனியில் புதைந்து, கையால் இழுத்துத்தான் திருப்பணும்.