ஐந்தாமவர் செய்த குற்றம் என்ன?

ஓர் அணி தொடர்ந்து தோற்கும்போது பலியாக எளிதில் அகப்படுபவர் ரிசர்வ் வீரர். நட்சத்திர ஆட்டக்காரரை நீக்கினால் ரசிகர்கள் கொதிப்பார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவரை மாற்றினால் ஏனென்று கேட்க ஆளில்லை. அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக்குக்கு மாற்றாக வைத்திருக்கும் ஆட்டக்காரரை மாற்றலாமா என்ற விவாதத்தின் அடியிலும் இருப்பது ஒரு நீதிக் கேள்விதான்: ஆடாதவர் தோல்விக்கு எப்படிப் பொறுப்பாவார்?

மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் இந்தக் கேள்வியை ஆராய நல்ல களம். ஒலிம்பியாட் அணிக்கு ஐந்து பேர். ஒரு சுற்றில் ஆடுவது நால்வர். எவரை உட்காரவைப்பது என்பதைக் கேப்டன் சுற்றுக்குச் சுற்று முடிவு செய்கிறார்.

ஆர்.பி. ரமேஷ் வழிநடத்திய இந்திய 'பி' அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன் ஆகியோருக்கு அடுத்து ஐந்தாமவர் ரவுனக் சாத்வானி. ஆறாவது சுற்றில் பிரக்ஞானந்தாவுக்கு ஓய்வு கொடுத்துச் சாத்வானி இறக்கப்பட்டார். அவரும் அதிபனும் தோற்க, ஆர்மீனியா 2.5–1.5 என்று வென்றது. அன்றிரவு கேட்டிருந்தால் ஐந்தாமவர் தேர்வே தவறு என்று சொல்லப் பலர் இருந்திருப்பார்கள். எட்டாவது சுற்றில் அமெரிக்காவுக்கு எதிராக அதே சாத்வானி லெய்னியர் டொமிங்கஸை வென்றார். குகேஷ் ஃபேபியானோ கருவானாவை வீழ்த்த, ஆட்டம் 3–1. அணி வெண்கலம் பெற்றது.

மகளிர் 'ஏ' அணிக்கு நேர்மாறாக நடந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் முதலிடத்தில் இருந்த அணி, அமெரிக்காவிடம் 1–3 என்று தோற்று வெண்கலத்துக்கு இறங்கியது. ஐந்தாமவரான பக்தி குல்கர்னி தோற்றார். தானியா சச்தேவும் தோற்றார். தனிநபர் வெண்கலம் பெறும் அளவுக்கு அந்தத் தொடர் முழுவதும் நன்றாக ஆடியவர் தானியா.

ரிசர்வை இறக்கிய முடிவு ஓரிடத்தில் புகழப்படும், இன்னோரிடத்தில் பழிக்கப்படும். இடையில் மாறியது பலன் மட்டும். தன் கையில் இல்லாத பலனுக்காக ஒருவரைப் போற்றுவதும் பழிப்பதும் சரியா என்பதை 1976-இல் மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் மெய்யியல் சிக்கலாக எழுப்பினார்கள். செயலில்தான் மனிதனுக்கு உரிமை, பலனில் இல்லை என்ற கீதையின் நிலைப்பாடு அதே சிக்கலை வேறு வாசலில் அணுகுகிறது. ஆனால் கீதை செய்பவனுக்குச் சொல்கிறது. தேர்ந்தெடுப்பவர் அதைச் சாக்காக்கிக்கொண்டு பலனைப் பாராமல் இருந்துவிட முடியாது.

தேர்ந்தெடுப்பவருக்கு நேராகப் பேசுவது திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரம். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் முடிவு. பொறுப்பின் பெரும்பகுதியை அது தேர்வுக்கு முந்தைய ஆய்வின்மேல் வைக்கிறது. அணுமின் நிலையத்திலும் ரிசர்வ் போலக் காத்திருக்கும் அவசர டீசல் ஜெனரேட்டரைத் தேவை வராதபோதும் குறித்த இடைவெளியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் பழுது தெரிந்தால் சரிசெய்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மின்தடத்தில் கோளாறு என்பதற்காக ஜெனரேட்டரைக் கழற்றி வீசுவதில்லை.

எதிர்வாதமும் வலுவானதே. நல்ல புல்லாங்குழல் நன்றாக வாசிப்பவருக்கே உரியது என்றார் அரிஸ்டாட்டில். அணியில் இடம் யாருடைய சொத்தும் அல்ல. இன்னொருவர் மேலானவர் என்று தெரிந்தால், இருப்பவர் எந்தக் குற்றமும் செய்யாவிட்டாலும் விலக வேண்டியவரே. இது தண்டனை ஆகாது. ஆனால் அந்த மேன்மை ரிசர்வின் சொந்த ஆட்டத்தை வைத்து, ஒன்றிரண்டு சுற்றுகளில் அல்லாமல் போதிய வாய்ப்புக்குப் பின் தெரிந்திருக்க வேண்டும். முதன்மை வீரரின் தோல்வியை மறைக்கவோ ரசிகர் கோபத்தைத் தணிக்கவோ ரிசர்வை மாற்றுவது அநீதி. அணியின் பலவீனமும் அதனால் தீராது.