மனையும் மறுப்பும்

வீடு கேட்டுச் சட்டசபைக்கு மனுப் போடுவது பிச்சையெடுக்கிற வேலை என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரியும். ஆனாலும் ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்தவன் மண்ணில் குடிசை போட்டிருக்கிற ஒருத்தன் அவனிடம் 'முடியாது' என்று சொல்ல முடியுமா? அதைச் சொல்ல வழியில்லாதவனிடம் மானம், நேர்மை, ஓட்டுரிமை என்றெல்லாம் பேச நமக்கு என்ன யோக்கியதை?

கீழத்தஞ்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையாளின் குடிசை நின்றது மிராசுதாரின் மண்ணில். கூலி கூட்டிக் கேட்டால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். சட்டிபானையைத் தூக்கி வெளியே வீசினால் பொண்டாட்டி பிள்ளையோட எங்கே போவது? அதனால வாயை மூடிக்கிட்டு இருந்தார்கள். இதற்குத்தான் 'விசுவாசம்' என்று பேர் வைத்தார்கள். விசுவாசமாவது வெங்காயமாவது! மனை ஆண்டையுடையது, அவ்வளவுதான்.

அந்த மண்ணில்தான் செங்கொடிச் சங்கம் வந்தது, கூலி கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தம் என்றது. கிடைத்தது சில சென்ட்தான். ஆனால் அதோடு சேர்ந்து, இன்றைக்கு உன் வயலுக்கு வரமாட்டேன் என்று சொல்கிற துணிச்சலும் கிடைத்தது.

அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகர் வதன் மசோதாவைக் கொண்டுவந்ததும் இந்த முடிச்சை அவிழ்க்கத்தான். வதன் நிலம் மகர்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான். ஆனால் பரம்பரை ஊழியத்தோடு கட்டப்பட்ட நிலம் அது. அவர் சட்டமன்றத்துக்குப் போனது பிச்சையெடுக்கவா?

தமிழ்நாட்டில் 1978இல் நமக்கு மனை எடுத்துக் கொடுக்கவென்றே தனியாக ஒரு நில எடுப்புச் சட்டம் வந்தது. அதன் பேரில் 'அரிசன நலம்' என்று போட்டார்கள், அதை இன்னும் சுமக்கிறோம். நிலக்காரர்கள் சும்மா இருப்பார்களா? உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1994இல் சட்டம் பெரும்பாலும் தப்பியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் விழுந்தது, அதே வருசம் சட்டமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது, 2021இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சேரிக்கு மூன்று சென்ட் கொடுக்க இத்தனை படியேற வேண்டியிருக்கிறது.

உத்தரப்பிரதேசத்தில் தலித் மக்களின் வீடுகளுக்காக அவசரப் பிரிவின் கீழ் நிலம் எடுத்தபோது வழக்கு வந்தது. அவர்கள் வாதத்தின் சாரம்: இத்தனை காலம் பொறுத்தவர்களுக்கு இப்ப என்ன அவசரம்? நம்மைக் காக்க வைத்தவன் காத்திருப்பையே காரணமாகக் காட்டுகிறான்! சமேலி சிங் வழக்கு என்று சொல்லப்படும் அந்த வழக்கில், அந்த நீண்ட காலத் தேவையே அவசரம்தான் என்றும், வெறும் நாலு சுவரும் கூரையும் மட்டும் உறைவிடம் ஆகாது, வெளிச்சம், காற்று, தண்ணீர், சாலை எல்லாம் சேர்ந்தது என்றும் உச்சநீதிமன்றம் சொன்னது.

ஆனால் நடைமுறையில் நமக்குக் காட்டுகிற இடம் எது? ஏரி உள்வாய், சுடுகாட்டுப் பக்கம். ஊர் வேறு, காலனி வேறு என்று அரசே சிமெண்டில் கட்டித் தருகிறது. சட்டம் கேட்கும்போது இடத்தையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

இன்னொன்று பிழைப்பு. பட்டா கையில் இருந்தும் காலையில் வேலைக்கு அதே ஆண்டை வயல்தான் என்றால் பாதி அடிமைத்தனம் அப்படியே இருக்கிறது. தாட்கோ 1974இல் ஆரம்பித்தபோது வீடு கட்டுகிற கழகம். பேரில் 'மேம்பாடு' பிற்பாடுதான் சேர்ந்தது. வீடு ஒரு காலம், தொழில் ஒரு காலம் என்று அரசு யோசிக்கிறது. நம்ம சனத்துக்கு இரண்டும் ஒரே மண்ணில் வேணும்.

2024 ஜூனில் ஆதிதிராவிடர் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்குவது இனி சட்டக் கடமை. அந்த நிதியில் மனைக்குப் பக்கத்திலேயே கொட்டகைக்கும் பட்டறைக்கும் மண் ஒதுக்க வேண்டும், பட்டா பெண் பேரில் வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். மூணு சென்டுல நான் படுப்பேனா, எருமையைக் கட்டுவேனா என்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். மனுவில் அதை அவர் சொன்னபடியே சேர்த்திருக்கிறோம்.